அம்மாவின் இடுப்பு வலி: 15 நாள் டிராக்ஷன் போடச் சொல்கிறார்கள், போகலாமா?

கீழ்குந்தா_பெண் | மே 12, இரவு 9.40

வணக்கம். இங்கே பெரும்பாலும் பஸ் நேரமும் பச்சைத் தேயிலை விலையும்தான் பேசுவீர்கள் என்று தெரியும். ஆனால் மலையில் இருப்பவர்களுக்குத்தான் என் கேள்வி புரியும், அதனால் இங்கே போடுகிறேன்.

அம்மாவுக்கு 53 வயது. குந்தா பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது வருடமாகக் கொழுந்து பறிக்கிறார். மூன்று வருடமாக இடுப்பு வலி. நீலகிரித் தைலம், வெந்நீர் ஒத்தடம், மெடிக்கலில் வாங்கும் மாத்திரை என்று ஓட்டிவிட்டார். போன மாதம் கொழுந்துச் சாக்கைத் தூக்கிக்கொண்டு எடை போடும் இடத்துக்கு வந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அப்பா ஊட்டியில் ஒரு தனியார் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். எம்ஆர்ஐ எடுத்தார்கள். கீழ்முதுகில் எல்4, எல்5 எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க் பிதுங்கியிருக்கிறதாம். மாத்திரை, பெல்ட், 15 நாள் டிராக்ஷன் (கட்டிலில் படுக்க வைத்து மெஷினால் இடுப்பை இழுப்பது) என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு தடவைக்கு 300 ரூபாய். ஐந்து நாளுக்கு அப்பா முன்பணம் கட்டிவிட்டு வந்துவிட்டார்.

எங்கள் லைன் வீட்டிலிருந்து ஊட்டி போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். 20 நிமிடம் இழுப்பதற்கு மூன்று மணி நேர பஸ். வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி கிடையாது, அதுவும் இப்போது கொழுந்து பொங்கி வரும் நேரம். நான் திருப்பூரில் இருக்கிறேன், கூடப் போக வழியில்லை. டிராக்ஷன் உண்மையிலேயே பலன் தருமா? போட்டுக்கொண்டவர்கள் சொல்லுங்கள்.

கேத்தி_கேரட் | மே 12, இரவு 10.05

டிராக்ஷன் பற்றித் தெரியாது. பெல்ட் மட்டும் நல்லதாக வாங்குங்கள். நான் ஆறு வருடமாகப் போடுகிறேன். கேரட் மூட்டை ஏற்றும்போது அது இல்லையென்றால் இடுப்பு தனியாகக் கழன்றுவிடும் போல இருக்கும்.

கோத்தகிரி_சிஸ்டர் | மே 12, இரவு 10.31

தங்கச்சி, இழுப்பதா வேண்டாமா என்பதை அப்புறம் பார்க்கலாம். முதலில் அம்மாவிடம் சில விஷயம் கேட்டு வாருங்கள். அப்பாவை விட்டுக் கேட்காதீர்கள், சொல்ல மாட்டார். நீங்களே போனில் கேளுங்கள்.

வலி இடுப்போடு நிற்கிறதா, பின்தொடை வழியாகக் கெண்டைக்கால், பாதம் வரை இறங்குகிறதா? நடக்கும்போது கால் நுனி தடுக்குகிறதா? உட்காரும் இடத்தில், இரண்டு தொடைக்கும் நடுவில், மரத்துப்போகிறதா? சிறுநீர் வந்தது தெரியாமல் போகிறதா, முக்கினாலும் வராமல் நிற்கிறதா? காய்ச்சல், எடை இறக்கம், படுத்தாலும் விடாத ராத்திரி வலி? சமீபத்தில் சரிவில் எங்காவது விழுந்தாரா? மாதவிலக்கு நின்று எத்தனை வருடம்?

நான் அரசாங்க ஆஸ்பத்திரி வார்டுகளிலேயே ரிட்டயர் ஆனவள். இடுப்பு வலி என்று மாதக்கணக்கில் பெல்ட் போட்டுச் சுற்றிவிட்டு, கடைசியில் முதுகெலும்பில் டிபியோடு வந்து படுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட முதுகை மோட்டார் வைத்து இழுத்தால் என்ன ஆகும், யோசியுங்கள். மரத்துப்போவது, சிறுநீர்க் கோளாறு இரண்டில் ஒன்று இருந்தாலும் இங்கே படித்துக்கொண்டிருக்க வேண்டாம், அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி.

இன்னொன்று. காட்டில் ஒதுங்க இடமில்லை என்று காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வேலை பார்க்கிற பெண்கள் நம் மலையில் ஏராளம். சிறுநீர்த் தொற்று, கல் இவற்றாலும் இடுப்பு வலிக்கும். அதையும் கேளுங்கள்.

கல்லட்டி_36 | மே 13, காலை 6.15

நான் டூரிஸ்ட் வண்டி ஓட்டுகிறேன், 22 வருடம். 2019-ல் இடுப்பு பிடித்துக்கொண்டது. இடது கால் முழுக்கக் கரண்ட் அடித்த மாதிரி. கிளட்ச் மிதிக்க முடியவில்லை. 12 நாள் டிராக்ஷன் போட்டேன். மூன்றாவது வாரம் கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவிலும் வண்டியை இறக்கினேன். இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்? அந்தக் கட்டிலில் படுத்து, அது மெல்ல இழுத்து விடும்போது வருகிற சுகம் இருக்கிறதே, சொல்ல முடியாது. அம்மாவைக் கண்டிப்பாகக் கூட்டிப்போகச் சொல்லுங்கள்.

கூடலூர்_மழை | மே 13, காலை 8.50

அண்ணா, சரியானது டிராக்ஷனாலா, மூன்று வாரம் வண்டி எடுக்காததாலா?

என் மாமாவுக்குக் கோவையில் ஓரிடத்தில் 20 சிட்டிங் பேக்கேஜ் போட்டோம். இதற்கு அவர்கள் வைத்த பெயர் ஸ்பைனல் டிகம்ப்ரஷன். தினமும் கூடலூரிலிருந்து போக முடியுமா? அங்கேயே ரூம் எடுத்துத் தங்கினார். கம்ப்யூட்டர் திரையில் ஒரு கோடு ஏறும், இறங்கும், மாமா அதையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். ஊர் திரும்பிய வாரமே வலியும் திரும்பிவிட்டது. கயிறும் எடைக்கல்லும் இருந்த இடத்தில் மோட்டாரும் திரையும் வந்திருக்கிறது, இழுப்பு பழைய இழுப்புதான். பில் மட்டும் புதுசு.

கீழ்குந்தா_பெண் | மே 14, இரவு 8.20

சிஸ்டர், கேட்டுவிட்டேன். முதலில் சிரித்து மழுப்பினார், அப்புறம் சொன்னார். வலி இடுப்பில்தான், சில நாள் வலது தொடை வரை வரும், முழங்காலைத் தாண்டியதில்லை. தடுக்குவது, மரத்துப்போவது இல்லை. காய்ச்சல் இல்லை, எடை 52 கிலோ, குறையவில்லை. படுத்தால் வலி அடங்கிவிடுகிறதாம். மாதவிலக்கு நின்று ஐந்து வருடம். விழவில்லை. தண்ணீர் விஷயம் நீங்கள் சொன்ன மாதிரியேதான். காலை டீக்கு அப்புறம் மத்தியானம் வரை ஒரு சொட்டு குடிப்பதில்லை.

அண்ணாவுக்கு நன்றி. ஆனால் நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு அப்பா இன்னும் உறுதியாகிவிட்டார். திங்கட்கிழமை முதல் போகிறார்களாம்.

பிசியோ_குன்னூர் | மே 14, இரவு 11.10

குன்னூரில் 14 வருடமாகப் பிசியோதெரபி பார்க்கிறேன். என் அறையிலும் ஒரு டிராக்ஷன் கட்டில் இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

செய்முறை எளிது. மார்புக்கூட்டைச் சுற்றி ஒரு பெல்ட், இடுப்பெலும்பைச் சுற்றி ஒன்று. முழங்காலை மடக்கிக் கால்களை ஒரு ஸ்டூல் மேல் வைப்போம். மோட்டார் சில நொடி இழுக்கும், சில நொடி தளர்த்தும். 15, 20 நிமிடம். எலும்புகளுக்கு நடுவே இடைவெளி கூடும், டிஸ்க்கின் உள்ளழுத்தம் குறையும், பிதுங்கியது உள்வாங்கும் என்பது நம்பிக்கை. 1950-களில் லண்டனில் ஜேம்ஸ் சிரியாக்ஸ் என்ற மருத்துவர் இதைப் பெரிதாகப் பரப்பினார். கேட்டால் நியாயமாகத்தான் தோன்றும், நானும் கல்லூரியில் அப்படித்தான் படித்தேன்.

ஒரு சின்னக் கணக்கு. படுத்திருக்கும் உடம்பு கட்டிலோடு உராய்கிறது. அந்த உராய்வைச் சமாளிக்கவே உடல் எடையில் சுமார் கால் பங்கு இழுப்பு வேண்டும் என்று 1955-லேயே ஜூடோவிச் என்ற அமெரிக்க மருத்துவர் கணக்குப் போட்டார். அம்மாவின் 52 கிலோவுக்கு 13 கிலோ. அது வரைக்கும் இழுப்பதெல்லாம் முதுகுத்தண்டுக்கே போய்ச் சேராது. அதனால்தான் கட்டிலை இரண்டு துண்டாக்கி, கீழ்த்துண்டு நகரும்படி பிறகு செய்தார்கள். பழைய வார்டுகளில் கட்டில் காலுக்குச் செங்கல் வைத்து, இடுப்பு பெல்ட்டிலிருந்து 5 கிலோ தொங்கவிடுவார்களே, சிஸ்டர் பார்த்திருப்பார், அது நோயாளியை எழுந்து போகவிடாமல் கட்டிப்போட்டது, அவ்வளவுதான்.

சரி, மோட்டாரும் பிரியும் கட்டிலும் வந்த பிறகு? 1995-ல் நெதர்லாந்தில் ஒரு சோதனை செய்தார்கள். 151 பேர், எல்லோருக்கும் ஆறு வாரத்துக்கு மேற்பட்ட இடுப்பு வலி. ஒரு குழுவுக்கு உடல் எடையில் 35 முதல் 50 சதவீதம் வரை நிஜ இழுப்பு. இன்னொரு குழுவுக்கு அதே மாதிரி கட்டில், அதே மாதிரி பெல்ட், ஆனால் 20 சதவீதத்தைத் தாண்டாத பாசாங்கு இழுப்பு. தனக்குக் கிடைத்தது எது என்று நோயாளிக்குத் தெரியாது. ஐந்து வாரம், 12 தடவை. முடிவில் பார்த்தால் இரண்டு குழுவிலும் தேறியவர்கள் இருந்தார்கள், குழுக்களுக்கு நடுவே சொல்லும்படி வித்தியாசம் இல்லை. இந்த மாதிரி 32 சோதனைகளை, 2762 பேரின் விவரங்களை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு 2013-ல் சேர்த்துப் பார்த்தது. வலி, நடமாட்டம், வேலைக்குத் திரும்புவது எதிலும் டிராக்ஷனால் கிடைப்பது கொஞ்சமும் இல்லை, அல்லது மிகக் கொஞ்சம். 2016-ல் பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டிகளை எழுதும் நைஸ் அமைப்பு இடுப்பு வலிக்கு இதைத் தர வேண்டாம் என்றே எழுதிவிட்டது. 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம், மூன்று மாதத்தைத் தாண்டிய இடுப்பு வலிக்கென்று தனி வழிகாட்டி வெளியிட்டது. வழக்கமாகத் தர வேண்டாதவை என்று அதில் சொன்னவற்றில் டிராக்ஷன் உண்டு. கேத்தி அண்ணா கோபித்துக்கொள்ளக் கூடாது, பெல்ட்டும் உண்டு.

அப்படியானால் உன் கட்டிலை ஏன் இன்னும் வைத்திருக்கிறாய் என்பீர்கள். டாக்டர் சீட்டில் எழுதி அனுப்புகிறார். நோயாளி அந்தக் கட்டிலைக் கேட்டுத்தான் வருகிறார். உட்கார வைத்து, பேசி, உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்தால், வெறும் கை காலை ஆட்டச் சொல்லிக் காசு வாங்கினாள் என்று போய்விடுவார்கள். மெஷினில் போட்டால் வைத்தியம் நடந்தது என்ற திருப்தி. கட்டில் வாங்கிய கடனும் இருந்தது. அது முடிந்த பிறகு பழக்கம் இருந்தது. எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

கல்லட்டி_36 | மே 15, காலை 5.50

மேடம் படித்தவர், மறுத்துப் பேசவில்லை. ஆனால் 2762 பேரில் நான் இல்லையே. என் காலில் அடித்த கரண்ட் நின்றது நிஜம். அதைப் பொய் என்கிறீர்களா?

பிசியோ_குன்னூர் | மே 15, மதியம் 1.30

இல்லை அண்ணா. உங்கள் வலி நின்றது நிஜம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கால் வரை இறங்கிய வலி வாரக்கணக்கில் தானாகவே அடங்குவது மிகச் சாதாரணம். பிதுங்கிய டிஸ்க்கை உடம்பே மெல்லக் கரைத்துவிடுவதை அடுத்தடுத்த எம்ஆர்ஐகளில் பார்த்திருக்கிறார்கள். நாம் வைத்தியத்துக்குப் போவது வலி உச்சத்தில் இருக்கும்போது. உச்சிக்கு அப்புறம் இறக்கம்தானே, கல்லட்டியில் ஓட்டுகிற உங்களுக்கா சொல்ல வேண்டும்.

உங்களை மாதிரி கால் வலி உள்ளவர்களுக்காவது உதவுமா என்று எனக்கும் ஒரு நப்பாசை இருந்தது. 2007-ல் வந்த ஒரு சின்ன ஆய்வு அப்படிச் சொன்னது. அதே ஆட்கள் 2016-ல் 120 பேரை வைத்துப் பெரிதாகச் செய்து பார்த்தார்கள். முதுகைப் பின்னால் வளைக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கும், அதோடு டிராக்ஷனும் சேர்த்துப் போட்டவர்களுக்கும் வித்தியாசம் வரவில்லை. அன்றைக்குத்தான் எனக்கு விட்டுப்போனது.

அந்தச் சுகத்தைப் பற்றி ஒன்று. முழங்காலை மடக்கி ஸ்டூல் மேல் கால் வைத்து 20 நிமிடம் யாரும் தொந்தரவு செய்யாமல் படுப்பதே சுகம்தான். வீட்டில் நாற்காலி மேல் கால் வைத்துத் தரையில் படுத்துப் பாருங்கள், மோட்டார் இல்லாமலேயே பாதி கிடைக்கும்.

வாத்தியார்_மஞ்சூர் | மே 15, மாலை 6.45

ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியன், கொஞ்சம் இழுத்துப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இழையும் இழுப்பைப் பற்றியதுதானே.

முதுகுத்தண்டை நீட்ட மெஷின் எதற்கு? எல்லோருக்கும் ராத்திரிதோறும் இலவசமாக நடக்கிறது. பகல் முழுக்க நம் எடையே டிஸ்க்குகளை அமுக்கி அதிலிருந்து நீரைப் பிழிகிறது. படுத்ததும் டிஸ்க் நீரை உறிஞ்சி உப்புகிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து வருடா வருடம் இதைச் செய்வேன். காலையில் எழுந்ததும் சுவரோடு நின்று உயரத்தைக் குறி, ராத்திரி படுக்கும் முன் மறுபடி குறி. ஒரு சென்டிமீட்டருக்கு மேல் குறைந்திருக்கும். மறுநாள் காலையில் பழையபடி. டிராக்ஷன் தரும் நீட்டமும் இதே கதிதான். எழுந்து நின்று பஸ் ஸ்டாண்டுக்கு நடப்பதற்குள் போய்விடும். அதற்கு அப்புறம் ஒன்றரை மணி நேரக் குலுக்கல் வேறு.

இதைவிட வேடிக்கை, விண்வெளி வீரர்கள். எடையே இல்லாத இடத்தில் மாதக்கணக்கில் மிதப்பதால் அவர்கள் உயரம் 5 சென்டிமீட்டர் வரைகூடக் கூடிவிடும். உலகத்திலேயே நீண்ட டிராக்ஷன் அதுதான். அவர்கள் முதுகு சுகமாக இருக்க வேண்டுமே? பலருக்கு அங்கே போன முதல் சில நாட்களிலேயே முதுகு வலி வருகிறது. பூமிக்குத் திரும்பிய பிறகு டிஸ்க் பிதுங்கும் ஆபத்தும் மற்றவர்களைவிட அதிகம்.

இழுத்துச் சரிசெய்யும் ஆசை பழையது. கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸ் காலத்திலேயே, அதாவது கிட்டத்தட்ட 2400 வருடத்துக்கு முன், கூன் விழுந்தவரை ஏணியில் கட்டித் தூக்கிக் குலுக்குவார்கள். அந்த முறையை விளக்கமாக எழுதிவிட்டு அவரே சொல்கிறார்: இதனால் யாரும் நிமிர்ந்து நான் பார்த்ததில்லை, கூட்டம் வாயைப் பிளக்க வேண்டும் என்று நினைக்கும் வைத்தியர்கள்தான் இதை விரும்புகிறார்கள் என்று. கூடலூர் நண்பர் சொன்ன கம்ப்யூட்டர் திரைதான் ஞாபகம் வந்தது. நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும், கட்டிலில் படுக்க வைத்து இழுப்பதற்கு அவரே ஒரு பலகையும் செய்து வைத்திருந்தார். குலுக்குவதுதான் பிடிக்கவில்லை, இழுப்பதை அவரும் விடவில்லை.

கேத்தி_கேரட் | மே 15, இரவு 7.20

சார், அப்போது மரக்கிளையைப் பிடித்துத் தொங்கலாமா? யூடியூபில் காட்டுகிறார்கள். தலைகீழாகத் தொங்கும் கட்டிலும் ஆன்லைனில் விற்கிறது.

வாத்தியார்_மஞ்சூர் | மே 15, இரவு 7.32

எந்த மரம்? நம் தோட்டத்துச் சில்வர் ஓக் என்றால் கிளை உங்கள் கையோடு வந்துவிடும்.

கோத்தகிரி_சிஸ்டர் | மே 15, இரவு 7.50

தலைகீழ் விளையாட்டு வேண்டவே வேண்டாம். பிரஷர் இருப்பவர்களுக்கும் கண் நீர் அழுத்த நோய் இருப்பவர்களுக்கும் ஆபத்து.

மட்டுறுத்துநர் | மே 16, காலை 9.00

எலும்பு முறிவு வைத்தியர் ஒருவரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் போட்டு, ஒரே இழுப்பில் குணம் என்ற பதிவு நீக்கப்பட்டது. விளம்பரம் வேண்டாம்.

கீழ்குந்தா_பெண் | மே 16, இரவு 9.15

எல்லாவற்றையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ஏணி விஷயத்துக்குச் சிரித்தார். ஆனால் அப்பா ஒரே வார்த்தைதான் சொல்கிறார், டிஸ்க் பிதுங்கியிருப்பது படத்திலேயே தெரிகிறதே, அதை உள்ளே தள்ள வேண்டாமா என்று. இதற்கு என்ன பதில் சொல்வது?

அப்புறம், டிராக்ஷன் இல்லையென்றால் வேறு என்ன? எல்லோரும் வேண்டாததைத்தான் சொல்லியிருக்கிறீர்கள்.

பிசியோ_குன்னூர் | மே 17, மதியம் 2.10

அப்பாவுக்கு இதைச் சொல்லுங்கள். வலியே இல்லாத 3110 பேரின் முதுகு ஸ்கேன்களை 2015-ல் தொகுத்துப் பார்த்தார்கள். 20 வயதிலேயே 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம். 50 வயதில் 60 சதவீதம். அதாவது அம்மாவோடு பறிக்கிற பெண்களில் வலி இல்லாதவர்களைப் பிடித்து எம்ஆர்ஐ எடுத்தாலும் பாதிக்கு மேல் இதே ரிப்போர்ட் வரும். தலை நரைப்பது மாதிரி அது. படத்தில் இருப்பதாலேயே வலிக்குக் காரணம் அதுதான் என்று ஆகிவிடாது, உள்ளே தள்ளியே ஆக வேண்டும் என்றும் இல்லை. வலி முழங்காலைத் தாண்டாமல் இருப்பதும், படுத்தால் அடங்குவதும், சிஸ்டர் கேட்ட எதுவும் இல்லாததும் நல்ல செய்தி.

வேறு என்ன என்றால், கேட்க உப்புச் சப்பில்லாமல் இருக்கும். உடற்பயிற்சி. எந்தப் பயிற்சி என்பதைவிட விடாமல் செய்வது முக்கியம். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை மெல்லத் தூக்கி இறக்குவது. கையையும் காலையும் ஊன்றி மாடு மாதிரி நின்று, எதிரெதிர்க் கை காலை நீட்டுவது. இரண்டையும் தினமும் பத்துப் பத்து. ஒரு தடவையாவது நேரில் யாராவது பார்த்துத் திருத்த வேண்டும். வலி கூடும் நாளில் குறைத்துக்கொள்ளலாம், படுத்தே கிடக்கக் கூடாது. அப்புறம் நடை. இடுப்பு வலி வந்து தேறிய 701 பேரை வைத்து ஆஸ்திரேலியாவில் செய்த ஆய்வு 2024-ல் வந்தது. மெல்லக் கூட்டிக்கொண்டே போய் வாரம் ஐந்து நாள், அரை மணி நேரம் வரை நடந்தவர்களில் பாதிப் பேருக்கு வலி திரும்பி வர 208 நாள் ஆனது. நடை சொல்லித் தராதவர்களுக்கு 112 நாள். செலவு ஒரு ஜோடி செருப்பு.

கீழ்குந்தா_பெண் | மே 17, இரவு 8.40

மேடம், தப்பாக நினைக்காதீர்கள். அம்மா தினமும் காலையிலிருந்து சாயங்காலம் வரை சரிவில் ஏறி இறங்குகிறார். குனிகிறார், நிமிர்கிறார், சுமக்கிறார். அவரைப் போய் நடை பழகு, உடற்பயிற்சி செய் என்றால் அடிக்க வருவார்.

பிசியோ_குன்னூர் | மே 17, இரவு 10.00

இந்தக் கேள்வியைத்தான் என்னிடம் வரும் தோட்டத்து அக்காமார் எல்லோரும் கேட்பார்கள். முதல் சில வருடம் எனக்கு இதற்குப் பதில் தெரியவில்லை.

அவர் செய்வது உழைப்பு. முன்னால் குனிந்த நிலை, ஒரே பக்கம் திரும்பல், முதுகில் ஏறிக்கொண்டே போகும் சாக்கு, கால் ஊன்ற இடமில்லாத சரிவு. வேகத்தை முடிவு செய்வது எடை. எத்தனை கிலோ என்பதுதான் கூலி, முதுகு நிறுத்து என்றாலும் நிறுத்த முடியாது. 1960-களில் ஸ்வீடனில் நாகெம்சன் என்ற மருத்துவர் டிஸ்க்குக்குள் ஊசி வைத்து அழுத்தத்தை அளந்தார். படுத்திருக்கும்போது மிகக் குறைவு, எடையோடு முன்னால் குனியும்போது எகிறியது. நாம் சொல்லும் நடை வெறுங்கையோடு, நிமிர்ந்து, தன் வேகத்தில். அதுவும் உடம்பு மேல் இன்னொரு வேலையை ஏற்றுவது மாதிரி வேண்டாம், முதலில் பத்து நிமிடம் போதும்.

உண்மையைச் சொன்னால் அம்மாவுக்கு அதிகம் உதவக்கூடியது என் கையிலும் இல்லை, ஊட்டி கிளினிக் கையிலும் இல்லை. சாக்கு முழுக்க நிரம்பும் முன் பாதியில் எடைக்கு அனுப்ப முடியுமா? தூக்கி முதுகில் ஏற்றும்போது பக்கத்தில் ஒருவர் பிடிக்க முடியுமா? ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை இரண்டு கையையும் இடுப்பில் வைத்துப் பின்னால் சாய முடியுமா? அந்த 15 நாள் விடுப்புக்குப் பேசுவதை யாராவது இதற்குப் பேசினால் நன்றாக இருக்கும்.

கூடலூர்_மழை | மே 17, இரவு 10.25

மேஸ்திரியிடம் யார் பேசுவது மேடம், அதைச் சொல்லுங்கள்.

கோத்தகிரி_சிஸ்டர் | மே 18, காலை 7.00

பிசியோவுக்கு ஊட்டி வரை தினமும் போக வேண்டாம். வீடு தேடி வரும் அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து பிசியோதெரபியும் அதில் இருக்கிறது. உங்கள் ஊர் சுகாதாரச் செவிலியரிடம் கேட்டால் பிசியோதெரபிஸ்ட் எந்த நாள் எந்தப் பக்கம் வருகிறார் என்று சொல்வார். எதற்கும் ஒரு தடவை ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்புப் பிரிவில் காட்டிவிடுங்கள். மாதவிலக்கு நின்று ஐந்து வருடம் என்றால் எலும்பு வலுவையும் பார்க்கச் சொல்லுங்கள். எலும்பு தேய்ந்திருந்தால் இழுப்பதே கூடாது, இதை அந்தக் கிளினிக்கில் யாராவது கேட்டார்களா?

கீழ்குந்தா_பெண் | மே 18, இரவு 9.00

கேட்கவில்லை.

கீழ்குந்தா_பெண் | ஜூலை 6, மாலை 5.30

ஒன்றரை மாதமாக வரவில்லை, மன்னிக்கவும். நடந்ததைச் சொல்லாமல் விட்டால் சரியில்லை.

அப்பா கட்டிய பணம் வீணாகக் கூடாது என்று அம்மா டிராக்ஷனுக்குப் போனார். நான்கு நாள். முதல் நாள் சுகமாக இருந்ததாம், கட்டிலிலேயே தூங்கிவிட்டாராம். எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, பகலில் படுத்துத் தூங்கி எத்தனை வருடம் ஆச்சு என்றார். ஆனால் ஒவ்வொரு நாளும் திரும்பும் பஸ்ஸில் கைகாட்டி ஸ்டாப் வருவதற்குள் பழைய வலி. நான்காவது நாள் பஸ்ஸில் சீட் கிடைக்கவில்லை, நின்றுகொண்டே வந்தவருக்கு இடுப்பு பிடித்து, இறங்க இரண்டு பேர் தாங்க வேண்டியதாகிவிட்டது. ஐந்தாவது நாளை அப்பாவே வேண்டாம் என்றார்.

சிஸ்டர் சொன்னபடி செவிலியர் அக்காவைப் பிடித்தோம். பிசியோ தம்பி இரண்டு தடவை வந்து பயிற்சி சொல்லிக் கொடுத்தார். ஊட்டி பெரிய ஆஸ்பத்திரியிலும் காட்டினோம். ஆபரேஷன் பேச்சே இல்லை, கால்சியம் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். நடை விஷயத்தில் ஒரு பிரச்சினை, எங்கள் ஊரில் சமதரை எங்கே இருக்கிறது? பள்ளிக்கூட மைதானம் ஒன்றுதான். சாயங்காலம் அம்மாவும் பக்கத்து லைன் அத்தையும் அங்கே சுற்றுகிறார்கள். முதல் வாரம் வெட்கப்பட்டார், வேலையில்லாதவள் மாதிரி சுற்றுகிறாளே என்று ஊர் பேசுமாம். மழை பிடித்ததிலிருந்து பள்ளி வராந்தாவில் போய் வருகிறார்கள்.

சாக்கு விஷயம் அம்மாவே பேசினார், யாரும் பேசித் தரவில்லை. பாதி நிரம்பியதும் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வருகிறார். கூடுதல் நடை, அதனால் கிலோ கொஞ்சம் குறைகிறது, கூலியும். வலி போய்விட்டதா என்றால் இல்லை. பத்துக்கு ஏழு என்று சொன்னவர் இப்போது நான்கு என்கிறார், மழை நாளில் ஐந்து. மாத்திரை வாரத்தில் ஒன்றோ இரண்டோ. தண்ணீர் பாட்டில் கொண்டு போகிறார், ஒதுங்க இடம்தான் இன்னும் இல்லை.

வாத்தியார் சார், அம்மாவின் உயரத்தைக் கதவு நிலையில் அப்பா பென்சிலால் குறித்தார். காலைக்கும் ராத்திரிக்கும் ஒரு விரல் அகலம் இருக்கிறது. வருபவர்களையெல்லாம் நிற்க வைத்துக் குறித்துக்கொண்டிருக்கிறார்.

கல்லட்டி_36 | ஜூலை 6, இரவு 9.10

அம்மா தேறியதில் சந்தோஷம் தங்கச்சி. நான்கு நாள் பஸ்ஸில் அலைந்ததற்கு நானும் ஒரு காரணம், அது மனசில் இருக்கிறது. எனக்குப் போன வாரம் மறுபடி லேசாகப் பிடித்தது. டிராக்ஷனுக்குப் போகவில்லை, நாற்காலி மேல் கால் போட்டுப் படுத்தேன். பத்து நாள் பார்க்கிறேன். விடவில்லையென்றால் கட்டிலுக்குத்தான் போவேன், மேடம் திட்டினாலும் பரவாயில்லை.

பிசியோ_குன்னூர் | ஜூலை 6, இரவு 9.45

திட்ட மாட்டேன் அண்ணா. பத்து நாள் வண்டியில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இறங்கி நடங்கள், அது போதும். பெல்ட் என்ன ஆச்சு என்று அம்மா சொல்லவில்லையே?

கீழ்குந்தா_பெண் | ஜூலை 6, இரவு 9.58

மூன்று வாரம் போட்டார். குனிந்தால் வயிற்றை அறுக்கிறது என்று கழற்றி வைத்துவிட்டார். அப்பா அதை விறகுக் கட்டு கட்ட எடுத்துக்கொண்டார்.

கேத்தி_கேரட் | ஜூலை 6, இரவு 10.04

என்ன சைஸ்? மீடியம் என்றால் விறகு கட்ட வேண்டாம், எனக்குக் கொடுத்துவிடுங்கள். என்னுடையது கிழிந்துவிட்டது.